கைபேசியைப் பறித்தால் சாதி போய்விடுமா?

பதினாறு வயதுக்குட்பட்ட சிறார் இணையத்தைப் பயன்படுத்துவதைத் தடுக்க, ஆஸ்திரேலியாவில் உள்ளதைப் போன்றதொரு சட்டத்தை இயற்ற இயலுமா என ஒன்றிய அரசு ஆராய வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2025 டிசம்பரில் பரிந்துரைத்தது. ஆபாசக் காணொளிகள் சிறார்க்கு எளிதில் கிடைப்பதைச் சுட்டி, இணையச் சேவை நிறுவனங்கள் பெற்றோர்க்கான கட்டுப்பாட்டு வசதியைத் தர வேண்டும் எனக் கோரிய பொதுநல வழக்கில், நீதியரசர்கள் ஜி. ஜெயச்சந்திரன், கே.கே. ராமகிருஷ்ணன் ஆகியோர் அடங்கிய அமர்வு இவ்வாறு கூறியது. அத்தகைய சட்டம் வரும்வரை குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையங்கள் செயல்திட்டம் வகுத்து விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும் என்றும் அறிவுறுத்தியது.

இதற்கு ஒன்றரை ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு திசையிலிருந்தும் இக்கோரிக்கை எழுந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் உடன் பயின்ற ஆதிக்கச் சாதி மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டதையடுத்து, ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூன் 18 அன்று முதலமைச்சரிடம் அளிக்கப்பட்ட அக்குழுவின் அறிக்கை, பள்ளி வளாகத்தில் மாணவர்கள் கைபேசி பயன்படுத்துவதைத் தடை செய்யவும் பரிந்துரைத்தது.

ஒரு பக்கம் ஒழுக்கத்தின் பெயரால் தடை கோரப்படுகிறது. மறுபக்கம் சாதி வன்முறையைத் தடுக்கும் பொருட்டுத் தடை கோரப்படுகிறது. முதலாவதைக் கண்டு நாம் ஐயுறுகிறோம். இரண்டாவதை நம் கோரிக்கையாகவே கருதி வரவேற்கிறோம். ஆனால் நடைமுறையில் இவ்விரண்டும் ஒரே பூட்டாகத்தான் வந்து சேரும். அந்தப் பூட்டு யாருடைய பிள்ளைகளின் மீது எவ்வாறு விழும் என்பதை இப்போதே பேசியாக வேண்டும்.

ஆனையூரிலிருந்து பார்த்தால்

மதுரையின் வடமேற்கு விளிம்பில் உள்ள ஆனையூர் 2011இல் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. அதற்கு முன்பு அது தனி நகராட்சி. வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளும் பழைய ஊரும் காலனித் தெருக்களும் அடுத்தடுத்து அமைந்த பகுதி இது. கொத்தனார், சித்தாள், தூய்மைப் பணியாளர், கடை ஊழியர், வீட்டு வேலை செய்யும் பெண்கள் எனக் கூலியை நம்பி வாழும் குடும்பங்களே நம் தெருக்களில் மிகுதி.

இக்குடும்பங்களில் பலவற்றில் திறன்பேசி ஒருவருடைய தனி உடைமையாக இருப்பதில்லை. குடும்பத்தின் பொதுப் பொருளாகவே இருக்கிறது. வேலைக்கு அழைக்கும் மேஸ்திரியின் எண் அதில் இருக்கிறது. வங்கிக் கணக்கின் ஓடிபி அதற்குத்தான் வருகிறது. பிள்ளையின் கல்வி உதவித்தொகை விண்ணப்பம் முதல் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வரும் வீட்டுப்பாடம் வரை எல்லாம் அந்த ஒரு கருவிக்குள் அடங்கியிருக்கின்றன. பகலில் அது தந்தையின் சட்டைப் பையில் கட்டட வேலைக்குச் செல்கிறது. இரவு எட்டு மணிக்குமேல் பிள்ளைகளின் கைக்கு வருகிறது.

'திரைநேரத்தைக் குறையுங்கள்' என்று நகரத்து மருத்துவர்கள் கூறும் அறிவுரை, தனி அறையும் தனிக் கைபேசியும் மடிக்கணினியும் உடைய வீட்டுப் பிள்ளையை மனத்தில் கொண்டது. நம் வீட்டுப் பிள்ளைக்குத் திரைநேரம் ஒரே வேளையில் பற்றாக்குறையாகவும் மிகையாகவும் இருக்கிறது: பாடத்துக்குக் கிடைக்கும் நேரம் குறைவு, ரீல்ஸுக்குப் போகும் நேரம் அதிகம்.

இந்தப் பற்றாக்குறையின் விலையை நாம் கண்டிருக்கிறோம். 2020 ஜூன் 1 அன்று கேரளத்தில் இணையவழி வகுப்புகள் தொடங்கிய முதல் நாளிலேயே, மலப்புரம் மாவட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு தலித் மாணவி ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வீட்டில் இருந்த தொலைக்காட்சி பழுது, திறன்பேசி இல்லை. அன்று கருவி இல்லாததால் வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகளை, இன்று கருவி இருப்பதே கேடு என்று கூறித் தண்டிக்கும் நிலை வந்துவிடக் கூடாது.

மதுரை ஏற்கெனவே கண்ட தடைகள்

இளைஞர்களின் இணையப் பயன்பாடு குறித்து மதுரைக் கிளை கவலை தெரிவிப்பது இது முதன்முறையன்று. 2017இல் 'புளூ வேல்' எனும் தற்கொலை விளையாட்டு பற்றித் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. 2019 ஏப்ரல் 3 அன்று டிக்டாக் செயலியின் பதிவிறக்கத்தைத் தடுக்குமாறு ஒன்றிய அரசுக்கு இடைக்கால ஆணை பிறப்பித்தது. கூகுள், ஆப்பிள் நிறுவனங்கள் தம் செயலிக் கடைகளிலிருந்து அதனை நீக்கின. அதே மாதம் 24ஆம் நாள், அந்தத் தடையை நீதிமன்றமே விலக்கிக்கொண்டது. பின்னர் 2020 ஜூன் 29 அன்று ஒன்றிய அரசு வேறு காரணங்களுக்காக டிக்டாக்கை நாடு முழுவதும் தடை செய்தது.

அத்தடைக்குப் பின் என்ன நடந்தது? சாதிப் பெருமைக் காணொளிகள் மறையவில்லை. இன்ஸ்டாகிராம் ரீல்ஸுக்கும் யூடியூப் ஷார்ட்ஸுக்கும் குடிபெயர்ந்தன. அரிவாளோடு நடந்து வருதல், குருபூசைக்குச் செல்லும் வாகன அணிவகுப்பு, தலைவர் படத்தின் பின்னணியில் மிரட்டும் வசனம் என ஒவ்வொன்றும் புதிய தளத்தில் இன்னும் கூர்மையான ஒளிப்பதிவோடு தொடர்ந்தன. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் கவின் செல்வகணேஷ் ஆணவப் படுகொலை செய்யப்பட்டபோது, கொலையை நியாயப்படுத்தியும் குற்றஞ்சாட்டப்பட்டவரைப் போற்றியும் பதிவுகள் பரவின. ஒரு செயலியை மூடுவதால் சாதிவெறி மூடப்படுவதில்லை என்பதற்கு இதைவிட அருகிலிருக்கும் சான்று தேவையில்லை.

பதினாறு வயது வரம்பிலும் இதே இடைவெளி உள்ளது. சாதிப் பெருமைப் பாடலை எழுதி, இசையமைத்து, படம்பிடித்து, பரப்பி வருவாய் ஈட்டுவோர் வயது வந்தவர்கள். அதற்கு ஊக்கமும் பணமும் தருவோர் சாதிச் சங்கங்களில் பொறுப்பு வகிப்பவர்கள். பதினைந்து வயதுச் சிறுவன் அதனைப் பார்த்து நடிப்பவன். பார்ப்பவனின் கணக்கை மட்டும் முடக்கிவிட்டு, படைப்பவரின் கணக்கை விட்டுவைக்கும் சட்டம் பாதி வேலையைத்தான் செய்யும்.

சந்துரு அறிக்கையில் எது நிறைவேறும்?

நீதியரசர் சந்துருவின் அறிக்கை கைபேசித் தடையோடு முடிந்துவிடவில்லை. பள்ளிகளின் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்குதல், வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி முதலிய அடையாளங்களுக்குத் தடை, ஆசிரியர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இடமாற்றம் செய்தல், அந்தந்தப் பகுதியின் ஆதிக்கச் சாதியினரையே தலைமையாசிரியராக அமர்த்தாதிருத்தல், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளையும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித் துறையின் ஒரே நிர்வாகத்தின்கீழ்க் கொண்டுவருதல், சமூக நீதி மாணவர் படை அமைத்தல் எனப் பள்ளி நிர்வாகத்தின் வேர்வரை செல்லும் பரிந்துரைகளைக் கொண்டது.

இவற்றுள் எவை எளிதில் நிறைவேறும்? மாணவரின் மணிக்கட்டில் இருக்கும் கயிற்றை அறுப்பதும் பையில் இருக்கும் கைபேசியை எடுப்பதும் எளிது. அதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். ஆசிரியரை இடமாற்றுவதற்கும் தலைமையாசிரியர் நியமனத்தில் சாதியைக் கணக்கில் கொள்வதற்கும் அரசியல் துணிவு வேண்டும். மாணவர் மீது விழும் பரிந்துரைகள் முதலில் நடைமுறைக்கு வரும், ஆசிரியர் மீதும் நிர்வாகத்தின் மீதும் விழும் பரிந்துரைகள் காத்திருக்கும் என்பதே நம் அச்சம்.

2025 மார்ச்சில் திருவைகுண்டம் அருகே தேர்வெழுதப் பேருந்தில் சென்ற பதினொன்றாம் வகுப்பு தலித் மாணவர் வழிமறித்து வெட்டப்பட்டார். கபடிப் போட்டியில் அவருடைய அணி வென்றதே காரணம் என்று குடும்பத்தார் கூறினர். அந்த வன்மம் ஆடுகளத்தில் முளைத்தது. கைபேசி அத்தகைய வன்மத்தைப் பெருக்கவும் பரப்பவும் வல்லது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் பெருக்கியை நிறுத்திவிட்டுக் குரலை விட்டுவைப்பது தீர்வாகாது.

கைபேசி சாட்சியாகும் போது

பள்ளிகளில் நிகழும் தீண்டாமை பெரும்பாலும் நான்கு சுவர்களுக்குள் நிகழ்வது. சாட்சிகளாக இருப்போர் சிறார். எதிரில் நிற்போர் ஆசிரியர்கள். 'அப்படி எதுவும் நடக்கவில்லை' என்ற ஒரு வரியில் புகார்கள் முடித்துவைக்கப்படுவதை, தென்மாவட்ட நீதிமன்றங்களில் வழக்காடும் நாம் திரும்பத் திரும்பக் காண்கிறோம்.

2025 ஜனவரியில் தருமபுரி மாவட்டம் பாலக்கோடு அருகே அரசுப் பள்ளியொன்றில் பழங்குடி மாணவர்கள் கழிவறையைத் தூய்மை செய்யும் காணொளி வெளியான பிறகே தலைமையாசிரியர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அதே ஆண்டு ஏப்ரலில் கோவை மாவட்டத் தனியார் பள்ளியொன்றில், பூப்பெய்திய எட்டாம் வகுப்பு தலித் மாணவி வகுப்பறைக்கு வெளியே படியில் அமர்ந்து தேர்வெழுத வைக்கப்பட்டார். அதனைத் தம் கைபேசியில் பதிவு செய்தவர் அம்மாணவியின் தாய். அந்தப் பதிவு இல்லையெனில் அந்நிகழ்வு ஊர்ப்பேச்சோடு அடங்கியிருக்கும்.

இவ்விரண்டு நிகழ்வுகளைக் காட்டி வகுப்பறைக்குள் எல்லோரும் கைபேசி வைத்திருக்கட்டும் என்று நாம் வாதிடவில்லை. கைபேசியை வெளியே வைக்கச் சொல்லும் நிர்வாகம், அதற்கு ஈடாக நம்பத்தகுந்த புகார் வழியைத் தர வேண்டும் என்கிறோம். அவ்வழி இல்லாத தடை, கொடுமை இழைப்பவருக்குத் திரையிட்டுத் தருவதாகவே முடியும்.

நம் பிள்ளைகளுக்கும் கேடு உண்டு

அதேவேளை, சமூக ஊடகத்தை விடுதலைக் கருவி என்று மட்டுமே புகழ்வதும் நம் பிள்ளைகளுக்குச் செய்யும் நன்மையாகாது. ஊரகப் பிள்ளைகளின் கல்வி நிலை குறித்த ஏசர் 2024 ஆய்வின்படி, 14 முதல் 16 வயதினரில் 82.2 விழுக்காட்டினர் திறன்பேசியைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள். அவர்களுள் முந்தைய ஒரு வாரத்தில் கல்விக்காக அதனைப் பயன்படுத்தியோர் 57 விழுக்காடு. சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியோர் 76 விழுக்காடு. சொந்தக் கைபேசி வைத்திருப்போரில் ஆண் பெண் வேறுபாடும் உண்டு: பையன்களில் 36.2 விழுக்காடு, பெண்பிள்ளைகளில் 26.9 விழுக்காடு.

இந்த எண்களை நம் தெருவின் மொழியில் சொல்வதானால், முதல் தலைமுறையாகப் பன்னிரண்டாம் வகுப்பைத் தொடும் பிள்ளையின் இரவு நேரத்தை ஒரு நிறுவனம் விளம்பரத்துக்கு விற்றுக்கொண்டிருக்கிறது. தனிப்பயிற்சிக்கு அனுப்ப வசதியுள்ள வீட்டில் இந்த இழப்பை ஈடுகட்ட வழி உண்டு. நம் வீடுகளில் இல்லை. ஆகவே பள்ளி நேரத்தில் கைபேசி ஒதுக்கி வைக்கப்படுவதால் கூடுதல் நன்மை பெறக் கூடியவர்களும் நம் பிள்ளைகளே. பாடம் நடக்கும் நேரத்தில் திரை வேண்டாம் என்ற விதியை நாம் ஏற்கிறோம். ஆசிரியர்க்கும் அவ்விதி பொருந்த வேண்டும் என்றும் கேட்கிறோம்.

மராட்டியத்தின் சாங்கிலி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் எனும் சிற்றூர் 2022 முதல் ஒரு வழக்கத்தைக் கடைப்பிடித்தது. மாலை ஏழு மணிக்குச் சங்கு ஒலித்ததும் ஒன்றரை மணி நேரத்துக்கு எல்லா வீடுகளிலும் தொலைக்காட்சியும் கைபேசியும் அணைக்கப்பட்டன; பிள்ளைகள் படிக்க அமர்ந்தனர். பெரியவர்களும் சேர்ந்து அணைத்தார்கள் என்பதே இதில் நாம் கற்க வேண்டியது. நம் காலனிகளின் மாலைநேரப் படிப்பகங்கள் இதனை எந்தச் சட்டமும் இன்றி நாளையே தொடங்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2019 செப்டம்பரில் ஃபகீமா ஷிரின் வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பை வழங்கியது. மாலையில் நான்கு மணி நேரம் கைபேசியை ஒப்படைக்க வேண்டும் என்ற விடுதி விதியை ஏற்க மறுத்த கல்லூரி மாணவி வெளியேற்றப்பட்டதை அது ரத்து செய்தது. இணையத்தைப் பெறும் உரிமை, கல்வி உரிமையின் பகுதி என்றும், அரசமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் தனியுரிமையின் பகுதி என்றும் கூறியது. சமூகநீதி விடுதிகளில் தங்கிப் பயிலும் நம் கல்லூரி மாணவியர் அறிந்திருக்க வேண்டிய தீர்ப்பு இது.

2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கில், இணையத்தின் வழியே கருத்துரைக்கும் உரிமை 19(1)(அ) பிரிவின் காப்புக்கு உட்பட்டது என்றும், அதன் மீதான கட்டுப்பாடு நோக்கத்துக்கு அளவொத்ததாக இருக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 பிப்ரவரி இறுதியில் தில்லி உயர் நீதிமன்றம், பள்ளிகளில் திறன்பேசிக்கு முழுத்தடை விரும்பத்தக்கதுமன்று, நடைமுறைக்கு இயல்வதுமன்று என்று கூறி, வளாகத்தில் ஒப்படைத்து வைத்தல், வகுப்பறையில் தடை, பொறுப்பான பயன்பாடு குறித்த கல்வி ஆகியவற்றை நெறிமுறைகளாக வகுத்தது. 2025 ஏப்ரலில் பதின்மூன்று வயதுக்குட்பட்டோர்க்குத் தடை கோரிய மனுவை, அது கொள்கை முடிவு சார்ந்தது எனக் கூறி உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஆஸ்திரேலியச் சட்டத்தை எடுத்துக்காட்டுவோர் அதன் அமைப்பையும் முழுமையாகச் சொல்ல வேண்டும். 2024 நவம்பரில் நிறைவேறி 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், சிறாரையோ பெற்றோரையோ தண்டிப்பதில்லை. கடமை முழுவதும் நிறுவனங்கள் மீது சுமத்தப்பட்டுள்ளது, தவறினால் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். தமிழ்நாட்டிலும் இதற்கு நிகரான முன்மாதிரி உண்டு. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளில் பதினெட்டு வயதுக்குட்பட்டோரை அனுமதிக்கக் கூடாது, நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை ஆட்டம் கூடாது என்று தமிழ்நாடு அரசு நிறுவனங்களுக்கு விதித்த கட்டுப்பாடுகளை 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது.

நம் நாட்டில் 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதலைக் கோருகிறது. சிறாரைப் பின்தொடர்ந்து குறிவைக்கும் விளம்பரங்களையும் தடுக்கிறது. இரண்டாவது விதியை நாம் முழுமனத்தோடு வரவேற்கிறோம். முதலாவது விதியில் சிக்கல் உண்டு. ஆதாரும் மின்னணு அடையாளமும் கொண்டு ஒப்புதல் தரும் பெற்றோர் யார்? எழுத்தறியாத தாய், வெளியூரில் செங்கல் சூளையில் இருக்கும் தந்தை, தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளை ஆகியோரை அந்த ஏற்பாடு கணக்கில் கொண்டதாகத் தெரியவில்லை. தன் மகள் யாரோடு பேசுகிறாள் என்பதைச் சாதிக் கண்கொண்டு நோக்கும் குடும்பங்களில், ஒப்புதல் என்பது கண்காணிப்பின் மற்றொரு பெயராகிவிடும். சாதி மறுத்துக் காதலித்தோர் கொல்லப்படும் மண்ணில் இதனைச் சிறிய செய்தியென ஒதுக்க முடியாது.

இருக்கும் சட்டத்தை ஏன் பயன்படுத்துவதில்லை?

சாதி வன்மக் காணொளிகளைத் தடுக்கப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகள், பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் சாதியின் பெயரால் இழிவுபடுத்துவதைக் குற்றமாக்குகின்றன. இணையத்தில் பதிவேற்றப்படும் இழிவும் இதனுள் அடங்கும் என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியுள்ளது. 3(1)(யு) பிரிவு, எழுத்தாலோ பேச்சாலோ காட்சியாலோ பட்டியல் சாதி, பழங்குடியினர்மீது பகையை வளர்ப்பதைத் தண்டிக்கிறது. 2024 ஆகஸ்டில் சாஜன் ஸ்கரியா வழக்கில் உச்ச நீதிமன்றம், இப்பிரிவு தனிமனிதர் மீதான வன்மத்துக்குப் பொருந்தாது, அச்சமூகத்தினர் மீது கூட்டாக வளர்க்கப்படும் வன்மத்துக்கே பொருந்தும் என விளக்கியது. சாதிப் பெருமை ரீல்ஸ் பெரும்பாலும் செய்வது இந்தக் கூட்டு மிரட்டலைத்தான். ஆகவே அத்தீர்ப்பு நமக்குத் தடையாக மட்டுமின்றி வழிகாட்டியாகவும் அமையக் கூடும்.

மாணவத் தோழர்கள் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். இத்தகைய பதிவைக் கண்டால் திட்டிப் பின்னூட்டம் இடுவதற்கு முன்பு அதன் இணைப்பு, கணக்கின் பெயர், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்துத் திரைப்படம் பிடித்து வைக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் தேவை. அசல் கருவியையும் கோப்பையும் அழிக்காமல் காப்பது வழக்குக்கு உயிர்நாடி.

நாம் கேட்பவை

ஒன்று: வகுப்பு நேரத்தில் கைபேசி எண்ணிட்ட பெட்டியில் வைக்கப்பட்டு அன்றே திருப்பித் தரப்பட வேண்டும். நாள்கணக்கில் பறித்து வைத்தல், அபராதம், உள்ளடக்கத்தைத் திறந்து பார்த்தல் கூடாது. பைச் சோதனை எனில் எல்லா மாணவர்க்கும் ஒரே முறையில் நடக்க வேண்டும். இவ்விதிகள் எழுத்தில் வகுக்கப்பட்டுப் பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் வைக்கப்பட வேண்டும்.

இரண்டு: ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் அச்சமின்றிப் பேசத்தக்க தொலைபேசி ஒன்று இருக்க வேண்டும். கல்வித் துறையின் 14417, சிறார் உதவி எண் 1098, வன்கொடுமைக்கு எதிரான தேசிய உதவி எண் 14566 ஆகியவை கண்ணில் படும் இடத்தில் எழுதப்பட வேண்டும்.

மூன்று: வயது வரம்புச் சட்டம் வருமாயின் அதன் சுமை நிறுவனங்கள் மீதே விழ வேண்டும். ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது. மெட்டா நிறுவனம் தன் வெறுப்புப் பேச்சு விதிகளில் சாதியையும் சேர்த்துள்ளது. அவ்விதியைத் தமிழில் புரிந்து செயல்படுத்தத் தமிழறிந்த ஆட்களை அமர்த்த வேண்டும்.

நான்கு: சந்துரு அறிக்கையை அரசு முழுமையாக எடுத்துக்கொண்டு, எந்தப் பரிந்துரை எப்போது நிறைவேறும் என்ற காலவரிசையை வெளியிட வேண்டும்.

ஐந்து: திரையை எடுக்கும் அரசு, அந்த இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும். புது நத்தம் சாலையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் மதுரைக்குப் பெருமை. ஆனால் ஆனையூர்க் காலனிப் பிள்ளை பள்ளி முடிந்து அங்கே சென்று இருட்டுமுன் திரும்புவது எளிதன்று. தெருவுக்கு அருகில் இரவு எட்டு மணிவரை திறந்திருக்கும் படிப்பகமும், யாரும் விரட்டாத விளையாட்டுத் திடலும் வேண்டும்.

ஊடகம் நமக்கு எப்போதும் இன்பப் பொருளாக மட்டும் இருந்ததில்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். 1920இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். பிறர் நடத்திய ஏடுகளில் நமக்கு இடமில்லாததால் நம் முன்னோர் தமக்கென ஏடு கண்டனர். 2016 ஜனவரியில் ரோகித் வெமுலாவின் இறுதிக் கடிதம் நாடெங்கும் சென்று சேர்ந்தது சமூக ஊடகத்தின் வழியேதான். அந்த மரபில் வரும் பிள்ளைகளிடம் 'தொடாதே' என்று மட்டும் சொல்ல நமக்கு உரிமையில்லை. எப்போது அணைப்பது, எதைச் சேமிப்பது, எங்கே புகார் செய்வது என்று கற்றுத்தரும் பொறுப்பு நமக்கு உண்டு. அதனை அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் நம் படிப்பகங்களில் தொடங்குவோம். தடைச் சட்டம் பற்றிய விவாதம் வரும்போது இக்கோரிக்கைகளோடு அங்கே இருப்போம்.